ஐந்து தாள், ஐந்து வரிசை

போன வாரம் ரிஸ்வானா போன் செய்தாள். தூத்துக்குடியில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையின் பயிற்சிப் பிரிவு அலுவலகத்தில், ஒன்பது ஆண்டுகள் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். காயல்பட்டினத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறாள்.

"அக்கா, பிள்ள தூங்குதானா? ஒரு சந்தேகம் கேக்கட்டா?"

"கேளு."

"பயிற்சி டாக்டர் இன்டர்வியூவுக்கு ஒரே பட்டியல அஞ்சு விதமா மாத்தி மாத்தி பிரிண்ட் எடுக்கணும்னு எழுதி வச்சிட்டுப் போயிருக்கியள்லா, புது மேனேஜர் அதப் பாத்துட்டு, இது என்ன கூத்துன்னு கேக்காவ. ஒரு தாள அஞ்சு ஜெராக்ஸ் போட்டா முடிஞ்சுது, எதுக்கு இம்புட்டுப் பாடுங்காவ. இனிமே பழையபடி மார்க்கையும் பட்டியல்ல போடணுமாம். நான் என்ன பதில் சொல்ல?"

அடுப்பில் பால் இருக்கிறது, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இருந்தது உண்மைதான். அடுப்பை அணைத்து அரை மணி நேரமாகியிருந்தது.

அந்த ஐந்து தாளுக்கான காரணத்தை இதுவரை இரண்டு பேருக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். ரிஸ்வானாவுக்குப் போனில் சொன்னால் பாதியை விட்டுவிடுவேன் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன்.

ஓய்வுபெற்றவள் என்று என்னைச் சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு முப்பத்திரண்டு வயது. மகனுக்கு அடிக்கடி மூச்சிரைப்பு வந்ததால் வேலையை விட்டேன். விட்டது சரியா என்று வாரத்தில் மூன்று நாளாவது யோசிக்கிறேன். மற்ற நாட்களில், முன்பே விட்டிருக்க வேண்டுமோ என்று யோசிக்கிறேன்.

பி.காம் முடித்து, டைப்ரைட்டிங் உயர்நிலை முடித்து, இருபத்திரண்டு வயதில் அங்கே சேர்ந்தேன். முதல் ஓராண்டு ஜெராக்ஸ் எடுத்தேன், துளை போட்டேன், கோப்பில் கோத்தேன். இரண்டாம் ஆண்டு எனக்குமேல் இருந்த அம்மா ஓய்வுபெற்றுப் போனார். அலமாரிச் சாவி என் கைக்கு வந்தது. அவ்வளவுதான் என் பயிற்சி.

எங்கள் மருத்துவமனையில் எம்.பி.பி.எஸ் முடித்த இளம் டாக்டர்களை மகப்பேறு, குழந்தை நலப் பிரிவில் பயிற்சி மருத்துவர்களாக எடுப்பார்கள். ரெசிடென்ட் என்போம். ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், நான்கு நான்கு பேர். இரண்டு ஆண்டுப் பயிற்சி. அதற்குப் பட்டம் கிடையாது. ஆனால் நல்ல டாக்டர்களின் கூடவே நின்று கை பழகும். மேற்படிப்பு நுழைவுத் தேர்வில் இடம் கிடைக்காதவர்களுக்கும், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து இங்கே யாரையும் தெரியாதவர்களுக்கும் அது பெரிய கதவு. நான்கு இடத்துக்கு நாற்பது ஐம்பது விண்ணப்பம் வரும்.

தேர்வு நடக்கும் முறை இது. நூறு மதிப்பெண்ணுக்கு எழுத்துத் தேர்வு. விடைத்தாளில் பெயர் இருக்காது, நான் கொடுக்கும் எண் மட்டும் இருக்கும். வெளியூரிலிருந்து வரும் இரண்டு ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் திருத்துவார்கள். எந்த எண் யாருடையது என்ற தாள் என் அலமாரியில். திருத்தி முடிந்ததும் எண்ணைப் பெயரோடு சேர்த்து, அதிக மதிப்பெண் மேலே, குறைந்தது கீழே என்று பட்டியல் அடிப்பேன். நேர்முகத்துக்கு அந்த வரிசையிலேயே வாசலில் நின்று பெயர் கூப்பிடுவேன். முதலில் உள்ளே போகிறவர் முதல் மதிப்பெண்காரர். இது ஊருக்கே தெரியும். சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள்: "அங்க எத்தனாவதா கூப்பிடுதாவன்னு பாத்துக்கோ, அதுதான் உன் ரேங்க்."

பயிற்சிப் பிரிவின் தலைவர் டாக்டர் கமலவேணி, மகப்பேறு மருத்துவர். எந்தத் தாளைக் கொடுத்தாலும் அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்துத்தான் படிப்பார். ஒரு வரி முடிந்தால் கோல் ஒரு வரி இறங்கும். நாம் நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான். தவறு கண்டால் பேச மாட்டார், கோல் நின்றுவிடும். அது நின்ற இடத்தை நாமே குனிந்து பார்த்துத் திருத்திக்கொண்டு வர வேண்டும். பச்சை மையில் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். சாதாரணமாகப் பேசும்போது பாதி ஆங்கிலம் வரும். கோபம் வந்தால் மட்டும் பேச்சு முழுக்க ஊர்ப் பேச்சாகிவிடும்.

அவருக்கு மதிப்பெண் பட்டியலின்மேல் பல ஆண்டுகளாகவே ஒரு கசப்பு இருந்தது. முதல் நான்கு இடத்தில் வருகிறவர்கள் பிரசவ அறையில் மேசைக்கடியில் நுழைவுத் தேர்வுப் புத்தகத்தை வைத்திருப்பார்கள். ஆறு மாதத்தில் மேற்படிப்பு இடம் கிடைத்தால் போய்விடுவார்கள். "மார்க்க எடுக்கேன், ஆள விட்டுருதேன்" என்பார். அமெரிக்காவில் இருக்கும் அவர் தம்பி மகள் ஒருமுறை வந்திருந்தபோது, அங்கே பயிற்சி மருத்துவர்களை எடுக்கும்போது பார்க்கும் ஒரு பெரிய தேர்வில் இனி எண் கிடையாது, தேறினாரா இல்லையா என்று மட்டும்தான் சொல்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள். டாக்டர் மறுநாளே என்னைக் கூப்பிட்டார்.

"பிரியா, இந்த ஜூலைல இருந்து நாமளும் பாஸ், ஃபெயில்தான். ஐம்பது எடுத்தா பாஸ். மார்க் யாருக்கும் தெரியக் கூடாது, எனக்கும் சேர்த்து. இன்டர்வியூவுல ஆளப் பாத்து எடுப்போம்."

"மார்க் ஷீட்ட என்ன செய்ய மேடம்?"

"கவர்ல போட்டு ஒட்டு. நான் மேல கையெழுத்துப் போடுதேன். ரெண்டு பேர் சமமா வந்தா மட்டும்தான் பிரிக்கணும். நீயும் வெளிய சொல்ல மாட்டேன்னு எழுதிக் கொடு."

எழுதிக் கொடுத்தேன். எனக்கு அது நல்ல முறையாகத்தான் பட்டது. ஒரு நாள் காய்ச்சலில் எழுதிய தேர்வு ஒருவரை வாழ்நாள் முழுக்கத் துரத்த வேண்டாம் அல்லவா?

ஆனால் எண் போன இடம் காலியாக இருக்கவில்லை. விளம்பரம் வந்த இரண்டாம் வாரத்திலேயே சிபாரிசுக் கடிதங்கள் வரத் தொடங்கின. முன்பெல்லாம் ஒன்றோ இரண்டோ வரும். அந்த முறை விண்ணப்பத்தைவிடக் கடிதம் கனமாக இருந்தது. பங்குத்தந்தை எழுதியது, கோயில் தக்கார் எழுதியது, துபாயில் கடை வைத்திருப்பவர் எழுதியது, ஒரு கட்சிக்காரர் தன் படம் போட்ட தாளில் எழுதியது. டாக்டர் எல்லாவற்றையும் ஒரு பழைய கோப்பில் போட்டுக் கட்டச் சொன்னார்.

"மேல என்னன்னு எழுத மேடம்?"

"கடலை மடிக்கன்னு எழுது."

எழுதவில்லை, 'இதர' என்று எழுதினேன். மதிப்பெண் இருந்த காலத்தில் இந்தக் கடிதக்காரர்களுக்கு நான் பட்டியலைக் காட்டிப் பதில் சொல்லிவிடுவேன். இப்போது காட்ட ஒன்றும் இல்லை. யாரையும் தெரியாத ஒரு பிள்ளைக்கு அந்த எண்தான் சிபாரிசாக இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எழுத்துத் தேர்வு முடிந்தது. தேறியவர்கள் பதினொரு பேர். எண்ணைப் பெயரோடு நான் சேர்த்தேன், மதிப்பெண் தாளைக் கவரில் போட்டு ஒட்டினேன். டாக்டர் திறந்து பார்க்காமல் மடிப்பின்மேல் பச்சைக் கையெழுத்துப் போட்டார். இனிப் பட்டியல் அடிக்க வேண்டும். எந்த வரிசையில்? மதிப்பெண் வரிசை கூடாது. விண்ணப்பம் வந்த வரிசை என்றால், முந்திக்கொண்டவருக்கு லாபம் என்பார்கள். ஆங்கில எழுத்து வரிசையில் அடித்தேன். யாருக்கும் சாயாத வரிசை அதுதான் என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முதல் பெயர் அபினேஷ். கடைசிப் பெயர் விஜிலா. (இரண்டும் அவர்களுடைய உண்மைப் பெயர்கள் அல்ல, ஆனால் முதலும் கடைசியுமாக வரும் எழுத்துக்கள்தான்.) அபினேஷ் ஐம்பதைத் தொட்டுத் தாண்டியிருந்தார். பதினொரு பேரில் அவருடையதுதான் குறைந்த மதிப்பெண். விஜிலா எல்லோரையும்விட அதிகம். இது எனக்கு மட்டும் தெரியும்.

நேர்முக நாளில் எனக்கு இரண்டரை மாதம். வீட்டில் தவிர யாருக்கும் சொல்லவில்லை. காலையிலிருந்து குமட்டல். முந்தானையில் எலுமிச்சம்பழம் ஒன்றை முடிந்துவைத்துக்கொண்டு வாசலில் நின்று பெயர் கூப்பிட்டேன். உள்ளே ஐந்து பேர்: டாக்டர் கமலவேணி, அறுவைப் பிரிவு சர்ஜன், குழந்தை மருத்துவர், மயக்க மருத்துவர், அறக்கட்டளை உறுப்பினர் ஒருவர். ஐந்து பேர் முன்னாலும் என் பட்டியலின் பிரதி ஒவ்வொன்று இருந்தது.

அபினேஷ் உள்ளே போனார். இருபத்தைந்து நிமிடம் பேசினார்கள். வெளியே வரும்போது சிரித்த முகம். அடுத்தவரைக் கூப்பிடப் பட்டியல் பார்த்தபோது உள்ளேயிருந்து சர்ஜன் சொன்னது காதில் விழுந்தது:

"ஃபர்ஸ்ட் வாரவன் எப்பவும் ஒரு தினுசாத்தான் இருப்பான், பாத்தீங்களா. கேள்வி முடியும் முன்ன பதில் வருது."

எனக்கு முதலில் புரியவில்லை. மூன்றாவது ஆள் போனபிறகு புரிந்தது. பத்து ஆண்டுகளாக அவர்கள் கையில் வந்த பட்டியல் எல்லாம் மேலிருந்து கீழாக மதிப்பெண் வரிசை. எண்ணை எடுத்துவிட்டேன், வரிசையில் முதல் என்பதை எடுக்கவில்லை. அவர்கள் கண்ணுக்கு முதல் பெயர் முதல் மதிப்பெண்தான். ஆங்கில எழுத்து வரிசை என்று தாளின் தலையில் ஒரு வரி அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. பெயர்களைப் பார்த்தாலே தெரியுமே என்று நினைத்திருக்கிறேன். தெரிந்துகொள்ள நினைக்கிறவர்களுக்குத்தான் அது தெரியும் போலிருக்கிறது.

ஒன்றரை மணிக்குப் பத்தாவது ஆள் வெளியே வந்தார். உள்ளே சாப்பாட்டுக் கேரியர்கள் வந்து இறங்கியிருந்தன. தண்ணீர் வைப்பதுபோல உள்ளே போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

"இன்னும் எத்தனை பேரும்மா?" என்றார் சர்ஜன்.

"ஒருத்தர்தான் சார்."

"கடைசிதான? வரச் சொல்லுங்க. ரெண்டு கேள்வி கேட்டு அனுப்பிருவோம், மீன்குழம்பு ஆறிரும்."

அறக்கட்டளை உறுப்பினர் சிரித்தார். டாக்டர் கமலவேணி தன் தாளில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். 'மேடம், இது ஏபிசிடி வரிசை, மார்க் வரிசை இல்ல.' அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. அது ரகசியமும் இல்லை, நான் எழுதிக் கொடுத்ததற்கு மாறானதும் இல்லை. ஆனால் பெரிய டாக்டர்கள் ஐந்து பேரிடம், நீங்கள் தவறாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஓர் எழுத்தர் சொல்வதாக ஆகிவிடாதா? சொன்னால், நீ யாருக்காகப் பேசுகிறாய் என்று கேட்பார்களோ? இன்னும் சில மாதத்தில் பிரசவ விடுப்பைப் பற்றி வேறு பேச வேண்டும். மீன்குழம்பு வாசம் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன்.

குமட்டலால்தான் சொல்லவில்லை என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குமட்டல் இரண்டு நிமிடம்தான் இருந்தது.

திரும்பி வந்து விஜிலாவைக் கூப்பிட்டேன். ஆலந்தலைக்காரி. அப்பா கடலுக்குப் போகிறவர். வெளிநாட்டில் படித்துவிட்டு, இங்கே மருத்துவம் பார்க்க எழுத வேண்டிய தகுதித் தேர்வை இரண்டாம் முறையில் தேறியவர். காலை ஒன்பது மணியிலிருந்து வாசல் பெஞ்சில் இருந்தார். ஒவ்வொரு பெயராக நான் கூப்பிடக் கூப்பிட அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்துகொண்டே போனதைப் பார்த்தேன். பசி என்று நினைத்தேன்.

"எங்க படிச்சீங்க?" சர்ஜன் கேட்டார். நாட்டின் பெயரைச் சொன்னதும், "ம்" என்றார். "சரி, பிரசவம் ஆயிருச்சு, ரத்தம் நிக்கல. முதல்ல என்ன செய்வீங்க?"

விஜிலா சொல்லத் தொடங்கினார். குரல் எழவில்லை.

"சத்தமா சொல்லுங்கம்மா. பேஷன்ட் மயங்கிருவா."

எட்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். மாலை நான்கு மணிக்கு முடிவு. முதல் நான்கு பேரில் மூன்று பேர், பிறகு ஆறாவது ஆள். நேர்முகத்தில் அபினேஷுக்குத்தான் அதிகப் புள்ளி. விஜிலா ஒன்பதாம் இடம். யாரும் சமமாக வரவில்லை, கவரைப் பிரிக்க அவசியமில்லை. நியமனக் கடிதங்களை நானே அடித்து, நானே மின்னஞ்சலில் அனுப்பினேன்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு டாக்டர் அறைக்குப் போனேன். இரவு முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் அது. சொல்லும்போது நாலு துண்டாக வந்தது. அவர் பட்டியலை எடுத்தார். அடிக்கோலை முதல் பெயருக்குக் கீழே வைத்தார். மெதுவாக இறக்கிக்கொண்டே வந்தார். கடைசிப் பெயரில் கோல் நின்றது.

"நானும் மேல இருந்துதான் கீழ வந்திருக்கேன்" என்றார். பிறகு, "இது உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து மூணாவது ஆள் உள்ள இருக்கும்போது மேடம்."

"மத்தியானம் தண்ணி வைக்க வந்தியே, அப்பத் தெரியும்?"

"தெரியும்."

"ஏளா, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

நான் அழுதுவிட்டேன். அவர் உட்காரச் சொன்னார். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"எத்தனாவது வாரம்?" என்று கேட்டார்.

யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது. பத்து என்றேன். தண்ணீர் குடிக்கச் சொன்னார். நான் கவரைப் பற்றிப் பேச வாயெடுத்தேன், கையைத் தூக்கி நிறுத்தினார். "மார்க்கச் சொல்லாத. நான் கேக்கல. கேட்டேன்னா இன்னைக்கே விதிய மாத்தத் தோணும்." பட்டியலை மடித்து வைத்தார். "நாலு பேரும் சேருதேன்னு சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டாங்க மேடம். அபினேஷ் பார்த்த வேலைய விட்டுட்டாராம்."

"அந்தப் பையன் என்ன தப்பு செஞ்சான்? அவன வேண்டாம்னு சொல்ல முடியாது. நீ அடிச்ச தாளு, நான் கையெழுத்துப் போட்டது. ரெண்டு பேருந்தான் சுமக்கணும்."

பேனாவை மூடுவார் என்று எதிர்பார்த்தேன். மூடவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பதினொரு கோடு போட்டு, ஐந்து கட்டம் போட்டார். அடுத்த முறையிலிருந்து ஒவ்வொருவருக்கும் வேறு வேறு பெயரில் தொடங்கும் பட்டியல். சர்ஜனுக்கு நடுவிலிருந்து, குழந்தை மருத்துவருக்குக் கடைசியிலிருந்து, தனக்கு எது என்பதை என் விருப்பத்துக்கு விட்டார். தாளின் தலையில் 'இது மதிப்பெண் வரிசை அல்ல' என்று தடித்த எழுத்தில் ஒரு வரி.

அடுத்த ஜனவரியில், எட்டு மாத வயிற்றோடு, முதல் முறையாக ஐந்து வரிசையில் அடித்தேன். உள்ளே குழப்பமாக இருந்தது. "யாரும்மா முதல் ஆளு?" என்று சர்ஜன் கேட்டார். "யாருமில்ல சார்" என்று டாக்டர் பதில் சொன்னார். விளம்பரம் வந்த அன்றே விஜிலாவின் மின்னஞ்சலுக்கு அதை அனுப்பியிருந்தேன். விண்ணப்பம் வரவில்லை.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் என் மகன் பிறந்தான். பிறந்தவன் அழவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம், "பேக் குடுங்க" என்று மூச்சுப் பையைக் கேட்ட ஒரு குரல், பிறகு அதை அழுத்தியபடி ஒரே சீராக எண்ணும் சத்தம். அந்தக் குரல் அவசரப்படவே இல்லை. நான் கூடவே மனதுக்குள் எண்ணினேன், எங்கேயோ விட்டுவிட்டேன். பிறகு ஓர் அழுகை, பூனைக்குட்டிபோல. திரை விலகியது. அபினேஷ். நெற்றியெல்லாம் வியர்வை.

"அழுதுட்டான்க்கா. இனி நீங்க அழாதீங்க."

திருச்செந்தூரில் ஒரு லாட்ஜ் வரவேற்பறையில் வேலை பார்ப்பவரின் மகன் அவர். இரண்டு ஆண்டு முடியப் போகிறது, பாதியில் போகவில்லை. மேசைக்கடியில் புத்தகம் வைக்கவும் இல்லை. டாக்டர் தேடிக்கொண்டிருந்த மாதிரியான ஆள்தான். அந்தப் பட்டியல் சரியாக இருந்திருந்தால் அவர் அன்று அந்த அறையில் இருந்திருக்க மாட்டார். வேறு யாரோ இருந்திருப்பார், ஒருவேளை விஜிலாவே. அவரும் இதேபோல் எண்ணியிருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். அடுத்த நிமிடமே, எண்ணாமல் போயிருந்தால் என்று தோன்றும். எழுந்துபோய் மகன் மூச்சு விடுகிறானா என்று பார்ப்பேன். தவறு நடந்தது என்று எனக்குத் தெரியும். அது நடக்காமல் இருந்திருக்க வேண்டும் என்று முழு மனதோடு ஆசைப்பட என்னால் முடியவில்லை. இதை என் கணவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். "நீ எதைத்தான் விட்டுவைப்ப" என்றார்.

மகனுக்கு ஒரு வயது முடிந்ததும் வேலையை விட்டேன். முத்தையாபுரத்துக்கு வீடு மாறினோம்.

போன மாதம், ஒரு புதன்கிழமை, மகனுக்குப் பதினாறாம் மாதத் தடுப்பூசி போட அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். மூக்கு லேசாக ஒழுகியது. சளியோடு ஊசி போடலாமா என்று செவிலியரிடம் மூன்று முறை கேட்டேன். அவர் சலித்துப்போய், "உள்ள டாக்டரம்மாட்டயே கேட்டுட்டு வாங்க" என்று அனுப்பினார்.

உள்ளே விஜிலா.

அவர் மகனின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், முதுகிலும் கேட்டார். "காய்ச்சல் இல்லல்லா. போடலாம்."

"உறுதியா போடலாமா டாக்டர்?"

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீங்க அந்த ஆஸ்பத்திரி ஆபீஸ்ல இருந்தியள்லா? வாசல்ல நின்னு பேரு கூப்பிடுவிய."

ஆமாம் என்றேன். மகன் அவர் மேசையிலிருந்த முத்திரையை எடுத்து வாயில் வைத்தான். அவர் அதை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு டார்ச்சைக் கொடுத்தார்.

"அன்னைக்கு என்னையத்தான் கடைசியாக் கூப்பிட்டிய. பதினொண்ணாவது. சீனியர் அக்கா ஏற்கெனவே சொல்லியிருந்தாவ, அங்க மார்க் வரிசைலதான் கூப்பிடுவாவன்னு. நல்லா எழுதுனோம்னு நெனச்சுக்கிட்டு வந்தேன். ஒவ்வொரு பேரா போவப் போவ, சரி, ஒட்டுல பாஸ் ஆயிருக்கோம்னு தெரிஞ்சுபோச்சு. உள்ள போனா வாயே வரல." சிரித்தார். "பிறவு நம்மளுக்கு மெட்டர்னிட்டி சரிப்பட்டு வராதுன்னு இங்க வந்துட்டேன். இங்கயும் நல்லாத்தான் இருக்கு."

வாசல் பெஞ்சில் அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்துபோனது ஞாபகம் வந்தது. பசி அல்ல அது. உள்ளே இருந்த ஐந்து பேர் மட்டுமல்ல, வெளியே இருந்த பதினொரு பேரும் என் வரிசையைப் படித்திருக்கிறார்கள்.

"டாக்டர், அது ஏபிசிடி வரிசை" என்றேன். "மார்க் வரிசை இல்ல."

அவர் மருந்துச் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பேனா நின்றது.

"ஏபிசிடியா?"

"ஆமா. உங்க பேரு கடைசி எழுத்து. அதனாலதான்."

"பள்ளிக்கூடத்துலயும் எனக்கு அதே கதைதான். ஊசி போட வந்தா எப்பவும் நான்தான் கடைசி, எல்லாரும் அழுறதப் பாத்துட்டுப் போவணும்." பிறகு கேட்டார்: "அப்ப என் மார்க் எவ்வளவு?"

எழுதிக் கொடுத்த தாள் ஞாபகம் வந்தது. வேலையை விட்டாலும் கையெழுத்து என்னுடையதுதானே? ஆனால் ஒரு முறை பேசாமல் இருந்துதான் இவ்வளவும்.

"எண்ணச் சொல்லக் கூடாது டாக்டர். கடைசி இல்ல. கடைசிக்குப் பக்கத்துலயும் இல்ல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன தெரிந்ததோ, சட்டென்று சீட்டைக் கிழித்து நீட்டினார். "தொடைய இறுக்கிப் பிடிச்சுக்கோங்க. சாயங்காலம் லேசா காய்ச்சல் அடிக்கும், பயப்படாதிய." நான் வாசலை எட்டும்போது பின்னாலிருந்து கேட்டார்: "ஜூலைக்கு விளம்பரம் வந்துருச்சா?"

"இன்னும் ஒரு வாரத்துல வரும்" என்றேன்.

சாயங்காலம் மகனுக்குக் காய்ச்சல் அடித்தது. பயப்பட்டேன்.

ரிஸ்வானா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். மதிப்பெண்ணைப் போடுவது நல்லதா, மறைப்பது நல்லதா என்று எனக்குத் தெரியவில்லை. போட்டால் எண்ணை மட்டும் பார்ப்பார்கள். மறைத்தால் எண் இருந்த இடத்தில் வேறு எதையாவது கொண்டுவந்து வைத்துக்கொள்வார்கள். அதை மேனேஜரும் டாக்டரும் முடிவு செய்யட்டும். எதை முடிவு செய்தாலும் நாமாக மாற்றக்கூடியது வரிசையை மட்டும்தான். ஐந்து தாளை நிறுத்தாதே. தாள் செலவு என்று சொன்னால் பின்பக்கம் அச்சடித்த பழைய தாளில் எடு.

இன்னொன்று. அதை டாக்டரும் நானும் யோசிக்கவே இல்லை. ஐந்து தாள் மாற்றிய பிறகும் நான் வாசலில் ஏபிசிடி வரிசையில்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நான் எழுதி வைத்ததைப் பார்த்து நீயும் அப்படித்தான் செய்வாய். இனி சீட்டுப் போட்டு எடு. வந்திருப்பவர்களில் ஒருவரையே எடுக்கச் சொல். விஜிலாவுக்காகச் சொல்கிறேனா என்று என்னையே பலமுறை கேட்டுப் பார்த்தேன். இருக்கலாம். அவர் விண்ணப்பித்தாரா என்று நான் உன்னைக் கேட்க மாட்டேன், நீயும் சொல்லாதே.

முதல் பெயரைக் கூப்பிடும் முன், பெஞ்சு முழுக்கக் கேட்கும்படி, இது மார்க் வரிசை இல்லை என்று சத்தமாகச் சொல்லிவிடு. வாந்தி வந்தாலும் சொல்லிவிட்டுப் போ.